வெள்ளியங்கிரி மலையேற்றமும் ஈரக்குளிரும்

வெள்ளியங்கிரி மலை கோயம்புத்தூருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ளது. நொய்யல் ஆறு இம்மலைத்தொடரில் தோன்றுகிறது. அடிவாரமான பூண்டியிலிருந்து ஏழு மலைகளைக் கடந்து உச்சியிலுள்ள சிவனை வழிபடுவது கொங்கு நாட்டு மக்களின் நெடுநாள் வழக்கம். ஒருவழிப் பாதை சுமார் 6 கி.மீ.தான். பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரை மட்டுமே வனத்துறை மலையேற அனுமதிக்கிறது.

'தென்கயிலாயம்' என்று பெயர் இருந்தாலும் இங்கு கயிலாயத்தைப் போல வெண்பனி பொழிவதில்லை. இமயத்தின் வெண்பனி, உதகைப் புல்வெளியின் உறைபனி, விடியற்காலைப் பனித்துளி ஆகிய மூன்றையும் தமிழில் 'பனி' என்றே சொல்கிறோம். வெள்ளியங்கிரியில் இருப்பது இவற்றிலிருந்து வேறான பனிமூட்டம்; அதாவது முகட்டை மூடிய மேகம். வெண்பனி இல்லாத மலை, அதுவும் கோடைக்காலம் என்று எண்ணி ஒற்றைச் சட்டையோடு ஏறுவோர் பலர்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

உச்சியின் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறையும். பூண்டியில் இரவில் 24 பாகை இருந்தால் உச்சியில் 16 பாகை அளவில் இருக்கலாம். இது உறைய வைக்கும் குளிர் அன்று. ஆனால் நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். வியர்வையிலும் மேகத்திலும் நனைந்த பருத்தித் துணி உடலோடு ஒட்டிக்கொள்ள, முகட்டுக் காற்று மீதமுள்ள சூட்டையும் கொண்டுபோய்விடும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது தாழ் உடல்வெப்பநிலை எனப்படும். முதலில் நடுக்கம், பிறகு கால் தடுமாற்றம், பேச்சுக் குழறல். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் தானே நின்றால் தேறிவிட்டார் என்று எண்ணக் கூடாது. நிலைமை மோசமாகிறது என்பதே பொருள்.

ஏழாவது மலைக்கு முன் ஆண்டி சுனையில் நீராடிவிட்டு ஏறுவது மரபு. குளித்த ஈரத்தோடு பாதையிலேயே காற்று மிகுந்த பகுதிக்குள் நுழைகிறோம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நீராடுவதில் தவறில்லை, உலர்ந்த மாற்றுத்துணி ஒன்றை நெகிழிப் பைக்குள் வைத்திருந்தால் போதும் என்று சொல்லலாம்தான், ஆனால் வனத்துறை அடிவாரத்தில் நெகிழிப் பொருள்களைச் சோதித்துத் தடுக்கிறது. நீர்புகாத் துணிப்பையே தக்கது.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தமும் இதயத்தின் சுமையும் கூடும். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் ஏறிய பக்தர்கள் சிலர் வழியிலேயே உயிரிழந்தனர். இதய நோய், மூச்சுத்திணறல், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என வனத்துறை அறிவுறுத்துகிறது.

இறக்கமும் மழையும்

ஏறுவதைவிட இறங்கும்போதே வழுக்கல் அதிகம். கற்படிகளும் பாறையும் ஈரமாக இருக்கும். தொடைத்தசைகள் ஏற்கெனவே சோர்ந்திருக்கும். அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடியின் உண்மையான பயன் அப்போதுதான் தெரியும். இறங்கும்போது தடியை முன்னே ஊன்றி, பிறகு காலை வைக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். இரவில் ஏறிக் கதிரவன் உதயம் கண்டவர்கள் முற்பகலிலேயே இறங்கிவிடுவது நல்லது. இடி கேட்டால் முகட்டிலும் தனிமரத்தடியிலும் நிற்காமல் தாழ்வான பகுதிக்கு இறங்க வேண்டும்.