கல்லாப் பக்கத்தில் ஒரு கூண்டு

இம்முறை விலைவாசி பற்றியோ வரி பற்றியோ எழுதாமல் ஓர் எலியைப் பற்றி எழுதுகிறோம். கிடங்கில் மூட்டையைக் கடிக்கும் எலி அல்ல. கூண்டில் வைத்து விற்கப்படும் ஜெர்பில் என்னும் எலி. மளிகைக்காரனுக்கு அதனோடு என்ன தொழில் என்று கேட்க வேண்டாம். அது தின்னும் தினையும் சாமையும் சூரியகாந்தி விதையும் நம் மூட்டைகளிலிருந்துதான் போகின்றன.

எங்களிடம் சிறுதானியம் கடனுக்கு எடுத்து வந்த வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் வியாபாரம் நொடித்துக் கடையை மூடினார். பேரேட்டில் அவர் பாக்கி ரூ.840. "ரொக்கம் இல்லை அண்ணாச்சி, இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கம்பிக் கூண்டையும் அதற்குள் இரண்டு ஜெர்பில்களையும் கொண்டு வந்து இறக்கிவிட்டார்.

கூண்டைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். சரக்கு எடுக்க வரும் சில்லரைக் கடைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களோடு வரும் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். நல்ல விளம்பரம் கிடைத்தது என்று நாங்களும் மகிழ்ந்தோம். அவற்றில் ஒன்று கூண்டின் ஒரே மூலையை முன்னங்கால்களால் காலை முதல் இரவு வரை பறண்டிக்கொண்டே இருக்கும். மற்றொன்று கம்பியைக் கடிக்கும். எவ்வளவு சுறுசுறுப்பு என்று பாராட்டினோம்.

ஒரு நாள் கூண்டைச் சுத்தம் செய்யும்போது, பறண்டும் எலியை நாங்களே வால் நுனியைப் பிடித்துத் தூக்கினோம். வாலின் தோல் உறை போலக் கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த எலும்பு தெரிந்தது. நாற்பது வருடம் மண்டியில் எத்தனையோ எலியைப் பார்த்தவர்களுக்கு அன்று கை நடுங்கியது.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, எதிரியிடம் தோலை விட்டுவிட்டுத் தப்பும் அமைப்பு அது, போன தோல் திரும்ப வளராது, தோலில்லாத பாகம் காய்ந்து விழுந்துவிடும் என்றார். தூக்குவதானால் இரு கைகளையும் குவித்து அடியில் ஏந்த வேண்டுமாம். பிறகு அதன் மூக்கைக் காட்டினார். மூக்கைச் சுற்றி ரோமம் உதிர்ந்து புண்ணாகியிருந்தது. அதை நாங்கள் கவனிக்கவே இல்லை. கம்பியில் உரசுவதும் ஒரு காரணம், ஈரக்காற்றும் ஒரு காரணம் என்றார். எங்களுடையது தூத்துக்குடி; கடற்காற்றுக்குக் கேட்பானேன்!

இந்தப் பிராணியின் பூர்வீகம் மங்கோலியா, வட சீனா பக்கத்து வறண்ட புல்வெளி. 1935ஆம் ஆண்டு அங்கே பிடித்த சுமார் 20 ஜோடிகளை ஜப்பானியர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். அவற்றின் வழி வந்த 11 ஜோடிகள் 1954இல் அமெரிக்கா போயின. மேல்நாடுகளில் வீட்டில் வளர்வன பெரும்பாலும் அந்த வம்சமே. நம் வயல் வரப்பில் வளை தோண்டும் வெள்ளெலியும் இதற்கு உறவு முறைதான்.

பிறந்த மண்ணில் அது குடும்பமாக வாழ்கிறது. நிலத்துக்கடியில் சுரங்கப் பாதை, படுக்க ஓர் அறை, தானியம் சேர்க்க அறைகள், அவசரத்துக்குப் பல வாசல்கள். ஆபத்து என்றால் பின்னங்கால்களால் தரையைத் தட்டி மற்றவற்றை எச்சரிக்கும். குளிர்காலத்துக்குக் கொள்முதல் செய்து இருப்பு வைக்கிற பிராணி. நம் இனம் என்றே சொல்லலாம்.

அப்படிப்பட்டது மூலையைப் பறண்டுவது ஏன்? ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் பல்கலைக்கழகத்தில் வீடன்மாயர் என்பவர் இதை ஆராய்ந்து 1990களில் வெளியிட்டார். கூண்டைப் பெரிதாக்கிப் பார்த்தார், பறண்டல் குறையவில்லை. தோண்டத்தான் ஆசை போலும் என்று உலர்ந்த மணலைக் கொடுத்தார். அப்போதும் அந்தப் பழக்கம் வந்தது. சுரங்கமும் அறையுமாக ஆயத்த வளை ஒன்றை வைத்து அதில் வளர்த்த குட்டிகளுக்கோ அந்தப் பழக்கம் வரவில்லை. ஆக, அது கேட்டது தோண்டும் வேலையை அல்ல, தோண்டி முடித்த வீட்டை. குழாய் வழியே போய் அடைகிற இருட்டறை இல்லாதவரை, முடியாத வேலையை முடிக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். நாங்கள் சுறுசுறுப்பு என்று கைதட்டியது இதற்குத்தான்.

கம்பி கடிப்பது வேறு கணக்கு. தாய் தகப்பனிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிகளிடம் அது அதிகம் என்கிறார்கள். குட்டியாக இருந்தால்தான் விலை போகும் என்று அவசரப்படுகிற விற்பனையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேறு வேறு குடும்பத்து எலிகளை 'ஜோடி' என்று ஒரே கூண்டில் போட்டு விற்பதும் தவறு. அந்நியர்கள் சந்தித்தால் சாகும்வரைகூடச் சண்டை நடக்கும். பிராணிக் கடைகளுக்கு 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவும் கட்டாயம்.

கம்பிக் கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டோம். பழைய மீன் தொட்டி ஒன்றில் வைக்கோலும் காகிதத் துண்டுகளும் கலந்து ஒரு முழத்துக்கு அமுக்கி நிரப்பி, ஒரு மண் கலயத்தைக் கவிழ்த்துப் புதைத்து, அதன் வாய்க்குப் பருத்த மூங்கில் குழாய் ஒன்றைச் சொருகினோம். மேலே கம்பி வலை மட்டும், காற்றோட்டத்துக்கு. புரண்டு ரோமத்தைச் சுத்தம் செய்துகொள்ள ஒரு தட்டில் உலர்ந்த மணல். மழைக்காலத்தில் வைக்கோலை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது.

தீனியிலும் தவறு செய்திருந்தோம். அது விரும்புகிறதே என்று சூரியகாந்தி விதையை வாரிப் போட்டோம். விதையில் எண்ணெய் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. அதையே பொறுக்கித் தின்று மற்ற தானியத்தை ஒதுக்கிவிடும். இப்போது தினை, சாமை, கம்பு பிரதானம், விதை நாலைந்துதான். பிராணிக் கடைகளுக்குக் கலவை போடும் நண்பர்கள், 'விதை நிறைய இருந்தால்தான் வாடிக்கையாளர் வாங்குகிறார்' என்பார்கள். நாங்களும் அப்படித்தான் போட்டு விற்றோம். குறைத்த பிறகு இரண்டு கடைகள் போய்விட்டன. இதை மறைக்க வேண்டியதில்லை.

மூக்குப் புண் சில வாரங்களில் ஆறியது. மொட்டை வால் மொட்டை வாலாகவே இருக்கிறது. பறண்டுவது பெரிதும் குறைந்தது, ஆனால் அடியோடு நிற்கவில்லை. வெகு நாள் பழகிப்போனதை முழுக்க மாற்ற முடியாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பகலில் பாதி நேரம் கலயத்துக்குள் போய்விடுவதால் வேடிக்கை பார்க்க எதுவும் இல்லை. பிள்ளைகள், "எலி எங்கே தாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கல்லாப் பக்கம் அதற்கு இனி வேலை இல்லை என்று தொட்டியை வீட்டு உள்ளறைக்கு மாற்றினோம்.

போன முறை சுத்தம் செய்தபோது கலயத்தைத் தூக்கினால், பின்புறம் ஒரு குவியல். எடைத் தட்டில் போட்டுப் பார்த்தோம்: தினையும் கம்புமாக 160 கிராம். புது வைக்கோலோடு பழையதில் ஒரு கைப்பிடியும் விட்டு வைத்தால்தான் அதற்குத் தன் வீடு என்ற வாசனை இருக்குமாம். அப்படியே செய்து, இருப்பையும் குறையாமல் அதே இடத்தில் திரும்ப வைத்தோம். ரூ.840 பாக்கியை அந்த வருடக் கணக்கிலேயே தள்ளிவிட்டோம்.