சிறுநீரகம் மாற்றியபின் வரும் தொற்று: மரபணு சொல்வதென்ன?

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நல்லமுறையில் நிறைவேறி வீடு திரும்பியவர், சில மாதங்களிற் காய்ச்சலுடன் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், வீட்டார் காரணம் தேடத் தொடங்குகின்றனர். கொடுத்தவரின் சிறுநீரகத்திற் குறையென்பர் சிலர். பெற்றவர் உடலைப் பேணவில்லையென்பர் வேறு சிலர். இப்பழிகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

1954ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் மருத்துவர் ஜோசப் மறே முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றியது ஒருகரு இரட்டையரிடையே ஆகும். மரபணு ஒன்றாயிருந்தமையால் அவ்வுறுப்பை உடல் அந்நியமெனக் கருதவில்லை. ஏனையோர்க்கோ நிர்ப்பீடன ஆற்றலை அடக்கும் மருந்துகள் வேண்டும். அவை உறுப்பைக் காக்கின்றன. அதேவேளை உடலில் உறங்கும் கிருமிகளுக்கும் இடங்கொடுக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது சைற்றோமெகலோ வைரசு. ஒருமுறை தொற்றினால், பெரும்பாலும் நோயெதனையும் காட்டாது வாழ்நாள் முழுவதும் உடலிற் தங்குவது இது. தெற்காசியாவில் வளர்ந்தோரில் மிகப் பெரும்பாலானோரிடம் இது உண்டு. மேற்கு ஐரோப்பாவில் வளர்ந்தோர் பலரிடம் இல்லை. எனவே, ஊரிற் பிறந்த தந்தை ஐரோப்பாவிற் பிறந்த மகளுக்குச் சிறுநீரகம் கொடுக்குமிடத்து, இவ்வைரசை முன்னர் அறியாத உடலுக்கு அது உறுப்புடன் சென்று சேரலாம். ஆபத்து மிகக்கூடிய நிலை இதுவே.

நிலைமை ஒத்திருந்தும் ஒருவர் நோயுற, இன்னொருவர் தப்புவதேன்? விடையின் ஒரு பகுதி பெறுபவரின் மரபணுவில் உள்ளது. வைரசு புகுந்த கலங்களை அழிக்கும் 'இயற்கைக் கொல்லிக் கலங்கள்' எல்லோர் குருதியிலும் உள. அவற்றைத் தூண்டவும் அடக்கவும் வல்லவை கே.ஐ.ஆர். எனப்படும் மரபணுக்கள். தூண்டும் வகை சிலருக்குக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் அமைகின்றது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தூண்டும் மரபணுக்கள் கூடுதலாக உள்ளோரிடையே இத்தொற்று குறைவாகவே காணப்பட்டது. உறுப்புப் பொருத்தம் பார்க்க உதவும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளன, கே.ஐ.ஆர். மரபணுக்களோ 19ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளன. ஆதலால் முழுப் பொருத்தமுள்ள உடன்பிறந்தோரும் இதில் வேறுபடலாம்.

ஆயினும் மரபணு தலைவிதியன்று. இம்மரபணுக்களை மருத்துவமனைகள் வழமையாகச் சோதிப்பதுமில்லை. கொடுப்பவர், பெறுபவர் இருவரும் இவ்வைரசை முன்னர் ஏற்றவர்களா என்பதனைக் குருதிச் சோதனையால் அறிந்து, தேவைப்படுவோர்க்கு வல்கன்சிக்ளோவிர் போன்ற மருந்தைப் பல மாதங்களுக்குக் கொடுக்கின்றனர்.

ஆகவே, சத்திரசிகிச்சைக்கு முன்னரே இச்சோதனையின் முடிவை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரை வேண்டிப் பெறுங்கள். பின்னர் வரும் குருதிச் சோதனைத் தவணைகளைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல் கண்டால் உடன் அறிவியுங்கள். எம்மருந்தையும் தாமாக நிறுத்தற்க.