ஏசிக்கு எத்தனை வயது?

கலியாண வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையோடு நான் ஒரு மூலைக்கு ஒதுங்கினாலும் யாராவது கண்டுபிடித்துவிடுகிறார்கள். "அண்ணை, எங்கட ஃபர்னஸ் நல்லாத்தான் ஓடுது. ஆனா எல்லாரும் ஹீட் பம்ப் எண்டு சொல்லுகினம். இப்ப போடுறதோ, பொறுக்கிறதோ?" ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் வீடுகளுக்கு ஃபர்னஸும் ஏசியும் பூட்டுவதும் திருத்துவதும்தான் என் தொழில் என்பதால் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்கட ஏசிக்கு எத்தனை வயசு?"

கேட்டவர் முழிப்பார். வீட்டைச் சூடாக்குகிற கதையில் ஏசி எங்கிருந்து வந்தது?

ஏசி செய்கிற வேலை, வீட்டுக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுவது. ஆடி மாதம் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் முகத்தில் அடிக்கிற வெக்கை உங்கள் குசினியிலும் படுக்கையறையிலும் இருந்து வந்ததுதான். ஹீட் பம்ப் அதே பெட்டி. கூடுதலாக உள்ளே ரிவர்சிங் வால்வு என்று ஒன்று இருக்கும். பித்தளை உருளை, ஒரு பக்கம் ஒரு குழாய், மறுபக்கம் மூன்று குழாய். குளிர்காலத்தில் அதற்குள் இருக்கும் சிறு துண்டு 'டக்' என்று நகரும். குழாயில் ஓடும் வாயு திசை மாறும். வெளியிலிருக்கும் சூட்டை அள்ளி வீட்டுக்குள் கொண்டுவரத் தொடங்கும்.

"-15இல் வெளியே ஏது சூடு?" என்பது அடுத்த கேள்வி. சில வருடங்களுக்கு முன்புவரை பூட்டப்பட்ட பெட்டிகள் பலவற்றில் ஓடுவது ஆர்-410ஏ என்ற குளிர்பதனத் திரவம். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது -51 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நமக்கு விறைக்கிற -15 அதற்குக் கொதிக்கிற சூடு. கொதித்து ஆவியானதை கம்ப்ரசர் அழுத்தும்போது சூடு ஏறுகிறது; அந்தச் சூடுதான் வீட்டுக்குள் வருகிறது.

ஊரில் தோட்டக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரை உண்டாக்குவதில்லை, மேலே ஏற்றுகிறது. மாரியில் நீர்மட்டம் மேலே நிற்கும்போது கொஞ்ச எண்ணெயில் தோட்டமே நனைந்துவிடும். கோடையில் அடிமட்டத்துக்குப் போனால் அதே எண்ணெய்க்குப் பாதித் தண்ணீர்தான். ஹீட் பம்பும் அப்படித்தான். வெளியே 8 டிகிரி என்றால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றுக்கு மேல் யூனிட் சூடு தரும். -15இல் நல்ல, குளிர்நாட்டுக்கென்று செய்த பெட்டி ஏறக்குறைய இரண்டு தரும். சுவரோரம் ஓடும் பேஸ்போர்டு ஹீட்டர் எந்த நாளும் ஒன்றுக்கு ஒன்றுதான்.

இதிலிருந்தே முதல் முடிவு வந்துவிடுகிறது. உங்கள் வீடு பேஸ்போர்டு மின்சாரத்தில் சூடாகிறதா? யோசிக்க ஒன்றுமில்லை, இந்த வருடமே போடுங்கள். நகரத்துக்கு வெளியே எண்ணெயோ புரொபேனோ எரிக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் அதே பதில். ரொறன்ரோவைச் சுற்றி நம்மவர் வாங்கிய வீடுகளில் பெரும்பாலானவை எரிவாயு ஃபர்னஸ் வீடுகள். சிக்கல் அங்கேதான்.

எரிவாயு இங்கே மலிவு. 2025 ஏப்ரல் 1 முதல் வீட்டுக்காரர்களுக்கான கார்பன் கட்டணத்தையும் மத்திய அரசு நீக்கிவிட்டது. கன மீட்டருக்கு 15 சதத்துக்கு மேல் ஒரே நாளில் குறைந்தது. அதற்கு முன் ஹீட் பம்ப் விற்றவர்கள் காட்டிய கணக்கெல்லாம் அன்றோடு பழசாகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பழைய தாளைக் காட்டி "பில் பாதியாகும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் கணக்கு வேண்டாம், நீங்களே போடலாம். ஒரு கன மீட்டர் வாயுவை 95 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸில் எரித்தால் கிட்டத்தட்ட 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு கிடைக்கும். உங்கள் மின்சார பில்லில் ஒரு யூனிட்டுக்கு வரி, விநியோகம் எல்லாம் சேர்ந்து என்ன விழுகிறது என்று பாருங்கள். அதைப் பத்தால் பெருக்குங்கள். வாயு பில்லில் ஒரு கன மீட்டருக்கு விழும் விலையால் வகுங்கள். மாதாமாதம் வரும் நிலையான கட்டணத்தைச் சேர்க்க வேண்டாம். மின்சாரம் 13 சதம், வாயு 40 சதம் என்று வைத்தால் 3.25 வரும். ஹீட் பம்ப் ஒன்றுக்கு 3.25க்கு மேல் தருகிற இளங்குளிர் நாட்களில் அதுவே மலிவு. கடுங்குளிரில் ஃபர்னஸ் மலிவு. ஒன்ராறியோவில் இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த விலைக்கு மின்சாரம் தரும் திட்டம் 2023இல் வந்தது. அதில் இருப்பவர்களுக்கு இரவுக் கணக்கு தலைகீழாகும், -15இலும் ஹீட் பம்ப் வெல்லும். ஆனால் அதே திட்டத்தில் வேலைநாள் மாலை 4 முதல் 9 வரை விலை எகிறும். எல்லாரும் வீட்டுக்கு வந்து, சமைத்து, குளித்து முடிக்கிற நேரம் அது.

ஆக, வாயு வீட்டில் எரிபொருள் மிச்சத்தை மட்டும் நம்பி, நன்றாக ஓடுகிற ஃபர்னஸையும் ஏசியையும் கழற்றி எறிந்துவிட்டு ஹீட் பம்ப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதைச் சொன்னால் எனக்குத்தான் வியாபாரம் போகிறது. இருந்தாலும் அதுதான் உண்மை.

ஏசியின் வயது இங்கேதான் வருகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஏசி ஒரு கோடையில் கையை விரிக்கும். அப்போது நீங்கள் எப்படியும் வெளிப்பெட்டி வாங்கியாக வேண்டும். ஃபர்னஸுக்கு மேலே உட்காரும் சுருள், செப்புக் குழாய், மின்கம்பி, ஆள்கூலி எல்லாம் ஏசிக்கும் ஹீட் பம்புக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் மட்டுமே உங்கள் உண்மையான செலவு. பழைய ஃபர்னஸை அப்படியே விட்டுவிடலாம். ஒக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரலில் ஹீட் பம்ப் ஓடும், தை மாதக் கடுங்குளிரில் ஃபர்னஸ் எரியும். ஃபர்னஸ் பாதி நாள்தான் வேலை செய்கிறது என்பதால் அதன் ஆயுளும் நீளும்.

இதற்கு நேர்மாறு, ஃபர்னஸ் சாகும்வரை காத்திருப்பது. அது சாகிற நாள் பெரும்பாலும் வருடத்திலேயே குளிர் கூடிய நாள். அன்றைக்குத்தான் ஓய்வில்லாமல் ஓடும். மால்வேர்னில் ஒரு வீட்டுக்கு அப்படியொரு இரவில் போனேன். வெளியே -22. பிள்ளைகள் ஜாக்கெட்டோடு சோபாவில். அக்கா வாயு அடுப்பின் ஒவனைத் திறந்துவைத்துக் குசினியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். முதலில் அதை நிறுத்தச் சொன்னேன், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். "தம்பி, எதையாவது பூட்டிவிடு, விடியிறதுக்குள்ள சூடு வரோணும்" என்றார். அந்த நேரத்தில் யார் கணக்குப் பார்ப்பது, யார் மூன்று இடத்தில் விலை கேட்பது? களஞ்சியத்தில் என்ன பெட்டி இருந்ததோ அதுதான் அடுத்த பதினைந்து இருபது வருடத்துக்கு அந்த வீட்டில்.

சரி, ஏசி கிழடு, போடுவதென்று முடிவு. எவ்வளவு பெரியது? முறையாகச் செய்கிறவர் சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனடிய முறைப்படி உங்கள் வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று கணக்குப் போடுவார். வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு அளவு சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். நீங்களும் ஒத்துப்பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே வேகத்தில் எரியும் பழைய ஃபர்னஸ் என்றால், அதன் கதவைத் திறந்தால் உள்ளே தகட்டில் மணிக்கு 80,000 பிடியு (சூட்டின் அளவு) என்பதுபோல் ஓர் எண் இருக்கும். 95 சதவீதத் திறன் என்றால் வீட்டுக்குள் வருவது 76,000. வெளியே -18 இருக்கும் ஓர் இரவில் அது மணிக்கு எத்தனை நிமிடம் எரிகிறது என்று பாருங்கள். முப்பது நிமிடம் என்றால் உங்கள் வீட்டுக்குத் தேவை 38,000தான். நான் பார்க்கிற வீடுகளில் பலவற்றில் ஃபர்னஸ் தேவைக்கு மேல் பெரியது. அந்த அளவை அப்படியே ஹீட் பம்புக்குக் கொண்டுபோனால் பெட்டியும் பெரிதாகும், காசும் பெரிதாகும்.

விளம்பரத் தாளில் பெரிதாக அச்சிட்டிருக்கும் "மூன்று டன்", அதாவது 36,000 பிடியு, கடுங்குளிரில் அளந்தது அல்ல. -15இல் அதே பெட்டி எவ்வளவு தரும் என்பது வேறு எண். மலிவான பெட்டியில் அது பாதிக்கும் கீழே விழும். நல்ல பெட்டியில் பெரிதாக இறங்காது. பெட்டிகளின் விலை வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் இதுதான்.

பூட்டி முடித்தபிறகும் ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மார்க்கத்தில் ஒரு டவுன்ஹவுஸ்காரர், "ஹீட் பம்ப் போட்டும் வாயு பில்லில ஒரு சதம் குறையேல்ல" என்று கூப்பிட்டார். வேறொரு கொம்பனி பூட்டியது. தெர்மோஸ்டாட்டின் உள்மெனுவைத் திறந்து பார்த்தேன். எந்தக் குளிரில் ஃபர்னஸுக்கு மாற வேண்டும் என்ற இடத்தில் +5 என்று கிடந்தது. ரொறன்ரோவில் மார்கழியிலிருந்து மாசிவரை +5க்கு மேல் போகிற நாட்கள் குறைவு. குளிர்காலம் முழுக்க அந்தப் பெட்டி பனிக்குள் சும்மா நின்றிருக்கிறது. அவருடைய இரண்டு பில்லையும் எடுத்து, பெட்டியின் தரவுத் தாளையும் வைத்துக் கணக்குப் பார்த்து, எண்ணைக் கீழே இறக்கிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. பூட்டுகிறவர் போவதற்கு முன் அந்தத் திரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு முறைப்பாடு, "காத்து சூடாயில்லை." ஃபர்னஸ் காற்று 50, 60 டிகிரியில் வரும். ஹீட் பம்ப் காற்று 35, 40தான். துவாரத்தில் கை வைத்துப் பார்க்கிற அம்மாமாருக்கு அது குளிர்காற்று. மென்சூடாக, ஆனால் நெடுநேரம் ஓடுவதுதான் அதன் இயல்பு. இரவில் நாலைந்து டிகிரி குறைத்துவிட்டுக் காலையில் ஏற்றுகிற ஃபர்னஸ் பழக்கம் இதற்குச் சரிவராது. வெளிப்பெட்டியில் சிலவேளை வெள்ளைப் புகை எழும். தன்மேல் படிந்த உறைபனியை உருக்கும்போது வரும் நீராவி அது. தீயணைப்புக்கு அடிக்க வேண்டியதில்லை. பெட்டியைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்தித் தாங்கியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பனி மூடிவிடும்.

யார் பொறுக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏசிக்கு மூன்று நாலு வயதுதான் என்றால் பொறுங்கள். மேல்முகட்டில் பஞ்சு மெலிந்து கிடந்தால் முதலில் அதை நிரப்புங்கள். வீட்டின் தேவை குறையும், பிறகு சிறிய பெட்டியே போதும். கொண்டோ நிர்வாகத்தின் கீழ் வரும் டவுன்ஹவுஸ் என்றால் அவர்கள் சம்மதம் எழுத்தில் வரும்வரை பொறுங்கள். ஃபர்னஸே வேண்டாம், முழுக்க மின்சாரம் என்கிறவர்கள் முதலில் மின்பலகையைப் பார்க்க வேண்டும். துணைக்கு 15 கிலோவாட் மின்சூடாக்கி வைத்தால் அது மட்டும் 62 அம்பியர் கேட்கும். 100 அம்பியர் வீட்டில் அடுப்பும் துணி உலர்த்தியும் மின்கார் சார்ஜரும் ஏற்கெனவே இருந்தால் இடம் போதாது. ஃபர்னஸைத் துணைக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி பெரும்பாலும் வராது.

கதவைத் தட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. "அரசாங்கம் இலவசமாகத் தருகிறது" என்று கழுத்தில் அட்டை தொங்க வருவார்கள். நம் முதியவர்களிடம் தமிழிலேயே பேசுவார்கள். கையெழுத்து வைத்தபிறகுதான் தெரியும் அது பத்து வருட வாடகை ஒப்பந்தம் என்று. முன்பெல்லாம் வீட்டுப் பத்திரத்திலும் உரிமை பதிந்துவிட்டு, வீட்டை விற்கப் போகும்போது பல்லாயிரம் டொலர் கேட்டார்கள். ஃபர்னஸ், ஏசி போன்றவற்றைக் கூப்பிடாமல் வாசலுக்கு வந்து விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடைசெய்திருக்கிறது. வீட்டுப் பொருட்களுக்காக அப்படிப் பத்திரத்தில் பதிவதையும் 2024 ஜூனில் தடைசெய்தது. ஆகவே ஹீட் பம்ப் விற்கக் கதவைத் தட்டுகிறவரோடு பேச்சே வேண்டாம். அரசு மானியங்கள் வரும், போகும், தொகை மாறும். மின்சாரத்தில் சூடாகும் வீட்டுக்குக் கூடுதலாக, வாயு வீட்டுக்குக் குறைவாக என்பதே வழக்கம். சிலவற்றுக்குப் பூட்டுவதற்கு முன்பே பதிய வேண்டும். அதை நீங்களே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள், விற்கிறவர் வாயால் கேட்காதீர்கள்.

இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பின்வளவுக்குப் போய் ஏசிப் பெட்டியின் தகட்டைப் படம் எடுங்கள். தயாரித்த ஆண்டு அதிலேயே இருக்கும், இல்லாவிட்டால் தொடர் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பன்னிரண்டு வயதைத் தாண்டியிருந்தால், எங்களுக்கு வேலை குறைந்த ஏப்ரல், மே அல்லது செப்டெம்பர், ஒக்டோபரில் மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேளுங்கள். மூவரிடமும் -15இல் எத்தனை பிடியு வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள், அது நானாக இருந்தாலும்.