ஸ்கேனில் ஒளிரும் புள்ளியெல்லாம் புற்றுநோயா?

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும், அதன்பின் கதிரியக்க அயோடின் சிகிச்சையும் பெற்ற ஒரு பெண்மணியை அவருடைய மகன் எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தார். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில், பிரம்மதேசத்தை அடுத்த ஒரு கிராமம் அவர்களுடையது. தாயாரை வெளியே அமர்த்திவிட்டு மகன் மட்டும் உள்ளே வந்தார். "டாக்டர், எலும்புக்குப் பரவிடுச்சின்னு எழுதியிருக்காங்க. அம்மாவுக்கு இன்னும் சொல்லலீங்க" என்றார். மேற்கொண்டு ஆகும் செலவுக்காக அரைக் காணி நிலத்துக்கு விலையும் பேசிவிட்டிருந்தார்.

அவர் கையிலிருந்த அறிக்கையைப் படித்தேன். வலது இடுப்புப் பகுதியில் அயோடின் தேக்கம் தெரிகிறது, எலும்புப் பரவலா என ஆராயவும் என்றுதான் அதில் எழுதியிருந்தது. முடிவுரையாக அல்ல, கேள்வியாக. ஊரிலிருந்து இங்கு வந்து சேர்வதற்குள் அக்கேள்வி தீர்ப்பாகிவிட்டது.

இந்த ஸ்கேன் எதைக் காட்டுகிறது என்பதை முதலில் விளக்குகிறேன். தைராய்டு செல்கள் இரத்தத்திலுள்ள அயோடினை உள்ளே இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. தைராய்டு புற்றுநோய்ச் செல்களில் பலவும் இவ்வியல்பை ஓரளவு தக்கவைத்துக்கொள்கின்றன. எனவே அயோடின்-131 மருந்தை நோயாளி விழுங்கிய சில நாட்களுக்குப் பின் காமா கேமராவில் முழுவுடலையும் படமெடுத்தால், அயோடின் சேர்ந்த இடங்கள் கரும்புள்ளிகளாகவோ ஒளிப்புள்ளிகளாகவோ தெரியும். ஆனால் கேமரா காண்பது அயோடினை மட்டுமே. புற்றுநோயை அது நேரடியாகக் காண்பதில்லை.

அயோடினை இழுக்கும் அதே புரதம் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும், இரைப்பையிலும், பாலூட்டும் தாயின் மார்பகத்திலும் உண்டு. உடலில் தங்காத அயோடின் சிறுநீர் வழியாக வெளியேறுவதால் சிறுநீர்ப்பை ஒளிரும், குடலும் ஒளிரும். சிகிச்சை அளவு மருந்துக்குப் பின் கல்லீரல் தெரிவது வழக்கமானதே. இளவயதினருக்கு நெஞ்சுக்கூட்டின் நடுவிலுள்ள தைமஸ் சுரப்பி தெரிவதுண்டு. சிறுநீரகத்திலோ சினைப்பையிலோ நீர்க்கட்டி இருந்தால் அதில் அயோடின் தேங்கக்கூடும். இவற்றைப் படிக்கப் பழகிய மருத்துவர் எளிதில் பிரித்தறிவார்.

நுரையீரல்தான் எங்களை அதிகம் ஏமாற்றும் உறுப்பு. பழைய காசநோய்த் தழும்பும், விரிந்துபோன மூச்சுக்குழல்களில் தேங்கும் சளியும் அயோடினைப் பிடித்துவைக்கும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, நுரையீரலின் மேற்பகுதியில் தெரிந்த ஒரு புள்ளிக்காக ஒருவருக்கு இரண்டாவது முறையும் அயோடின் கொடுக்கப்பட்டது. இளமையில் அவருக்குக் காசநோய் வந்திருந்ததை எவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த ஸ்கேனிலும் புள்ளி அங்கேயே இருந்தது. வாய் வறட்சி மட்டும் புதிதாகச் சேர்ந்துகொண்டது. அன்று முதல் காசநோய் பற்றி எல்லோரிடமும் கேட்கிறேன், சிலர் முகஞ்சுளித்தாலும்.

எனவே ஒரு புள்ளியைத் தனியாக வைத்து முடிவெடுக்கலாகாது. காமா படத்தையும் சி.டி. படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் ஸ்பெக்ட்-சி.டி. பரிசோதனை, புள்ளி எலும்பினுள் இருக்கிறதா, குடலிலா, தோலின் மேலா என்பதைக் காட்டும். இரத்தத்தில் தைரோகுளோபுலின் அளவும் துணைநிற்கும். தைராய்டு திசு மட்டுமே இப்புரதத்தை உண்டாக்குகிறது. ஆயினும் அதற்கெதிரான ஆன்டிபாடி இரத்தத்தில் இருந்தால் அவ்வளவை அப்படியே நம்ப இயலாது; ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

ஏமாற்றம் மறுபக்கமும் நிகழும். சி.டி. ஸ்கேனுக்காக நரம்பில் ஏற்றிய கான்ட்ராஸ்ட் மருந்து, இதயத்துடிப்புக்கான அமியோடரோன் மாத்திரை, உணவிலுள்ள அயோடின் உப்பு ஆகியவை உடலை அயோடினால் நிரப்பிவிட்டால், புற்றுநோய்ச் செல்கள் கதிரியக்க அயோடினைப் போதிய அளவு ஏற்கா. படம் தூய்மையாகத் தெரியும். நோய் உள்ளே இருக்கும். மரக்காணம் மீனைச் சில நாட்கள் விட்டுவிடச் சொன்னால் எங்களைக் கடிந்துகொள்வோர் உண்டு. காரணம் இதுதான். சில புற்றுநோய்கள் காலப்போக்கில் அயோடினை ஏற்கும் இயல்பையே இழந்துவிடும். ஸ்கேன் தெளிவாக இருந்தும் தைரோகுளோபுலின் ஏறிக்கொண்டே போனால், பெட்-சி.டி. போன்ற வேறு பரிசோதனைகள் தேவைப்படும்.

நீங்கள் ஸ்கேனுக்கு வரும்போது பழைய நுரையீரல் நோய், நீர்க்கட்டி, அண்மையில் எடுத்த கான்ட்ராஸ்ட் ஸ்கேன், உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றைக் கேட்காமலே சொல்லுங்கள். கருவுற்றிருந்தாலோ பாலூட்டினாலோ மருந்து விழுங்குவதற்கு முன்பே கட்டாயம் சொல்லவேண்டும். படமெடுக்கும் நாளில் குளித்து, துவைத்த ஆடை அணிந்து, படுக்குமுன் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்.

அந்தப் பெண்மணிக்குச் சிகிச்சைக்கு முன் எடுத்த தைரோகுளோபுலின் மிகக் குறைவு, ஆன்டிபாடியும் இல்லை. எலும்பில் வலியும் இல்லை. மறுபடியும் படமெடுக்க உள்ளே அழைத்தபோது, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைக் கழற்றத் தயங்கினார். முந்தைய ஸ்கேனின்போதும் அது புடவை மடிப்புக்குள் இருந்ததாம். அதைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்த படத்தில் இடுப்புப் புள்ளி இல்லை. சுருக்குப்பையைத் தனியாகக் கேமராவின் முன் வைத்தோம், ஒளிர்ந்தது. உள்ளே ஒரு கைக்குட்டை. தனியறையில் இருந்த நாட்களில் உமிழ்நீர் சுரக்க எலுமிச்சைத் துண்டைச் சுவைத்து, அதனால்தான் வாயைத் துடைத்திருக்கிறார்.

மகன் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் வெளியே சென்று, நிலம் பேசியவருக்குத் தொலைபேசினார். பையிலிருந்த பணத்தையும் வீட்டுச் சாவியையும் கருவியால் அளந்து பார்த்து அன்றே திருப்பிக் கொடுத்தோம். அயோடின்-131இன் வீரியம் எட்டு நாளுக்கொருமுறை பாதியாகக் குறையும் என்பதால், பையையும் கைக்குட்டையையும் எண்பது நாட்கள் ஈயப்பெட்டியில் வைத்திருந்தோம். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது, "என் பை எங்கேங்க டாக்டர்?" என்று அவர் மறக்காமல் கேட்டு வாங்கிச் சென்றார்.