இதயத்தில் சேரும் ஸ்கிராப்

தீர்த்தமலைப் படிகளில் நாம ஓடி ஏறுறோம். 45 வயசு சித்தப்பா பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துடறார். "வயசாச்சு"ன்னு சிரிக்கிறோம். வயசு மட்டுமா?

2009-ல் தண்டபாணி, ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் முதலான விஞ்ஞானிகள் ஒரு செய்தி சொன்னார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் 100-க்குச் சுமார் 4 பேருக்கு, இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விட்டுப்போயிருக்கின்றன. டிராயிங்கில் அளவு விட்டுப்போனா ஜாப் எப்படி வரும்? புரதமும் கோணலாகத்தான் வரும். இளவயதில் செல்லே அந்த ஸ்கிராப்பை உடைத்து அகற்றிவிடுகிறது. வயது ஏற ஏற முடியாமல் தேங்குகிறது, செல் திணறுகிறது, தசை தளர்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஆனால் பரம்பரையில் இதயத்தசை நோய் இருந்தா, சித்தப்பாவோட நீங்களும் ஒரு எக்கோ எடுத்துடுங்க. ஊசி கிடையாது, பயப்படாதீங்க!