கிடாருக்குக் காது மாற்றுவது எப்படி?

பாம்பன் பக்கம் இரும்புக்கு ஆயுள் கம்மி. சைக்கிள் செயின், கேட் கீல், பூட்டு, அரிவாள்மணை எதுவானாலும் உப்புக்காற்று ஒரு கடி கடித்துப் பார்க்காமல் விடாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்காரர்கள் மண்டபத்தில் உலோகத் துண்டுகளை வரிசையாக வெயிலில் மாட்டி வைத்து, எது எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று வருஷக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். துருவைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது! 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்ததும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் போட்டதும் இதனால்தான்.

பாலத்தை ரயில்வே பார்த்துக்கொள்ளும். கிடாரை யார் பார்த்துக்கொள்வது?

சிரிக்காதீர்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் எலெக்ட்ரிக் கிடார்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். சர்ச் பாடகர் குழு, கல்யாணக் கச்சேரி, காலேஜ் கல்ச்சுரல்ஸ் என்று எங்காவது ஒன்று அலறிக்கொண்டிருக்கும். அதில் பாதி, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ வாங்கி வந்தது.

அப்படிப்பட்ட கிடார் ஒன்று தங்கச்சிமடத்தில் ஒரு தம்பியிடம் இருக்கிறது. தம்பி விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில். கையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் சேமிப்பு. ஜூனில் தங்கச்சிக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். நடுவில் சர்ச் திருவிழா.

"அண்ணே, பிக்கப் ரெண்டும் போச்சு. ஒண்ணு மூக்கடைச்ச மாதிரி கேக்குது. இன்னொண்ணு கேக்கவே மாட்டேங்குது. நல்ல மகாகனி பாடிண்ணே. அதுக்கு ஏத்த மாதிரி ரெண்டு வாங்கிப் போட்டுரலாமா?" என்றார்.

நான் படித்தது பி.காம். எனக்குக் கிடார் வாசிக்க வராது. ஆனால் பன்னிரண்டாயிரத்தை எங்கே செலவழிக்கக் கூடாது என்று சொல்ல வரும்.

பிக்கப் என்பது என்ன?

கிடாரின் காது. ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஆடும். புலம் ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே சமாசாரம். வைகை அணை ஜெனரேட்டரும் இந்தத் தத்துவம்தான். அது மெகாவாட்டில், இது மில்லிவோல்ட்டில். நைலான் தந்தி போட்டால் பிக்கப் வாயை மூடிக்கொள்ளும். காந்தத்துக்கு நைலானோடு பேச்சுவார்த்தை கிடையாது.

அந்தக் கம்பி எவ்வளவு மெல்லிசு தெரியுமா? வழக்கமான 42 கேஜ் கம்பியின் குறுக்களவு 0.063 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட தலைமுடி. இரட்டைச் சுருள் பிக்கப்பில் ஒவ்வொரு சுருளிலும் ஏறக்குறைய ஐயாயிரம் சுற்று. அத்தனையையும் பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். பாம்பன் பாலத்தின் பாதிக்கு மேல் போய்விடலாம்! அதில் ஒரே ஒரு இடத்தில் உப்பு கடித்து அறுந்தாலும் பிக்கப் ஊமை.

கர்நாடக சங்கீதத்துக்கும் இந்தக் காது அந்நியம் இல்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின்தான். பிக்கப் இல்லையென்றால் அந்த நீளமான கமகங்கள் கடைசி வரிசை மாமாவுக்குக் கேட்டிருக்காது.

இரட்டைச் சுருள் எதற்கு?

ஆரம்ப காலப் பிக்கப்புகளில் ஒற்றைச் சுருள்தான். அதற்கு ஒரு கெட்ட பழக்கம். தந்தியை மட்டும் கேட்காமல் ட்யூப்லைட், டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர் என்று அக்கம்பக்கத்து வம்பையெல்லாம் ஒட்டுக் கேட்கும். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு நூறு முறை திசை மாறுவதால், 'ம்ம்ம்ம்' என்று வண்டு ரீங்காரம் கூடவே வரும்.

அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனி இன்ஜினீயர் செத் லவர் இதற்கு வழி கண்டுபிடித்தார். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் சுற்றையும் காந்தத் திசையையும் தலைகீழாக்கினார். தந்தியின் ஒலி இரண்டிலும் கூடும். வெளிச் சத்தம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகிற மாதிரி! இதுதான் 'ஹம்பக்கர்'. காப்புரிமைக்கு 1955-ல் மனுப் போட்டார். 1957-ல் கிடார்களில் வந்தது. 1959-ல்தான் காப்புரிமை கிடைத்தது.

நடுவில் வந்தவற்றின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கர் உள்ள பிக்கப்புக்கு இன்று தங்க விலை. பிற்பாடு காப்புரிமை எண்ணோடு ஸ்டிக்கர் வந்தது. எடுத்துப் பார்த்தால் அது பிக்கப்பின் எண்ணே இல்லை, தந்தியைக் கட்டும் ஒரு பாகத்தின் எண்! ஃபைல் நம்பர் மாறுவது நம் ஆபீஸில் மட்டும்தான் என்று இனி யாரும் வருத்தப்பட வேண்டாம்.

பழைய பிக்கப்பைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனிச் சரக்கைப் போடும் பழக்கம் 1970-களில் பரவியது. லாரி டிமார்ஸியோ, சீமோர் டங்கன் என்ற இருவரின் பெயரில் வந்த கம்பெனிகள் இந்தத் தொழிலின் ஆசாமிகள்.

மகாகனி என்றால் மயங்காதே

1952-ல் வந்த லெஸ் பால் கிடாருக்கு மகாகனி உடம்பு, மேலே மேப்பிள் பலகை. 1961-ல் கொம்பு முளைத்த மாதிரி வந்த எஸ்.ஜி. ரகம் மகாகனியே. இரண்டிலும் ஒலி கனம், இதம். அதனால் 'மகாகனி என்றால் கதகதப்பு' என்று ஒரு வேதவாக்கு உண்டாகிவிட்டது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கிடார்களில் மரம் மட்டுமா வேறு? தந்தி நீளம் ஏறக்குறைய 24.75 அங்குலம், ஸ்ட்ராடோகாஸ்டர் மாதிரியான கிடார்களில் 25.5. இதில் ஹம்பக்கர், அதில் ஒற்றைச் சுருள். இத்தனை வித்தியாசத்தையும் விட்டுவிட்டு மரத்துக்கு மட்டும் மாலை போடுவது, படம் ஓடியதற்குத் தியேட்டர் வாட்ச்மேனைப் பாராட்டுகிற மாதிரி. மரம் தந்தியின் அதிர்வைக் கொஞ்சம் மாற்றலாம். எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை. பிக்கப்பும், அது தந்திக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதும் ஒலியை மாற்றுவதில் சண்டையே இல்லை.

இன்னொன்று. விலை குறைந்த கிடார்களில் 'மகாகனி' என்று எழுதியிருப்பது பல சமயம் நேட்டோ, காயா மாதிரி வேறு மரம். ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் அந்தப் பெயருக்காகப் பர்ஸைத் திறக்காதீர்கள்.

முதலில் வைத்தியம், அப்புறம் ஆபரேஷன்

தம்பியின் கிடாரைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போனோம். கடைக்காரர் மிக்ஸி, ஃபேன், தண்ணி மோட்டார் எல்லாவற்றுக்கும் காயில் கட்டுகிறவர். பிக்கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கம்பிய என் மிஷின்ல சுத்துனா மூச்சு விட்டாலே அறுந்துரும் தம்பி. கட்ட முடியாது. அளந்து சொல்றேன்" என்று மல்ட்டி மீட்டரை எடுத்தார்.

கழுத்துப் பக்கப் பிக்கப் 7.6 கிலோ ஓம் காட்டியது. ஹம்பக்கருக்கு நல்ல ஆரோக்கியமான எண். பாலம் பக்கத்துப் பிக்கப்பில் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. திருகாணிகள் செம்மண் நிறம். உள்ளே எங்கோ கம்பி அறுந்திருந்தது. அது நிஜ மரணம்.

அப்படியானால் முதல் ஆளுக்கு ஏன் மூக்கடைப்பு? காரணம் மூன்று. ஒன்று, தந்தி துருப்பிடித்துச் செத்திருந்தது. இரண்டு, பிக்கப் தந்தியை முட்டுகிற உயரத்தில் இருந்தது. மகாகனி ரகக் கிடார்களில் கழுத்துப் பக்க ஒலி இயல்பிலேயே கனம். கிட்டே வைத்தால் களிமண் ஆகிவிடும். மூன்று, வால்யூம் கண்ட்ரோல். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் போடுவது வழக்கம். இதில் எப்போதோ யாரோ 250 போட்டுவிட்டிருந்தார்கள். 250 போட்டால் கூர்மையான ஒலிகள் கசிந்து ஓடிவிடும்.

புதுத் தந்தி, 500 கிலோ ஓம் கண்ட்ரோல், ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பை இரண்டு மில்லிமீட்டர் இறக்கம், ஜாக்கில் புது ஈயப் பற்று. சளி போய்விட்டது. மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்றானது. பட்ஜெட் பாதி!

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

காந்தம்: அல்நிகோ 2 மென்மை, அல்நிகோ 5 கொஞ்சம் துடுக்கு, தெளிவு, செராமிக் இன்னும் ஆவேசம். கனமான கிடாரின் பாலம் பக்கத்துக்கு அல்நிகோ 5, நடுத்தர சக்தி போதும். பக்திப் பாட்டும் வரும், திருவிழா ராத்திரி ராக்கும் வரும்.

கிலோ ஓம்: பழைய பாணி ஏழரை, எட்டு. அலறல் ரகம் பதினாறு வரை போகும். எண் பெரிதென்றால் சத்தம் பெரிது என்று நினைக்காதீர்கள். கம்பி மெலிந்தாலே எண் ஏறும். சம்பளத்தை வைத்து ஆளை எடை போடுகிற மாதிரி அது.

அகலம்: முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் நடுவே பிக்கப்பின் மேலே ஸ்கேல் வைத்து அளக்கவும். சுமார் 50 மில்லிமீட்டர் ஒரு ரகம், 53 இன்னொரு ரகம். ஆர்டர் போடுவதற்கு முன்னால் அளப்பது நல்லது.

ஒயர்: பழைய பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு வேறு கம்பெனியின் பிக்கப் ஒன்றைச் சேர்த்தால், இரண்டும் எதிரும் புதிருமாக நின்று ஒலி சோனியாகலாம். நான்கு ஒயர் வரும் மாடலாக வாங்கினால் திருப்பிப் பற்றவைத்துச் சமாதானம் செய்யலாம். கலர் கோடு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

மெழுகு: நம் கடற்கரைக்கு இதுதான் முக்கியம். சுருளை உருகிய மெழுகில் முக்கி எடுப்பார்கள். சத்தமாக வைக்கும்போது 'கீய்ங்' என்று கத்தாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் ஈரக்காற்று உள்ளே புகுவதையும் ஓரளவு தடுக்கும். மேலே உலோக மூடி இருந்தால் இன்னும் நல்லது.

தம்பி இந்தக் கணக்கில் சென்னையிலிருந்து ஒன்றே ஒன்று வரவழைத்தார். பன்னிரண்டாயிரத்தில் பாதிக்கு மேல் மிச்சம். அது காலேஜ் பீஸ் கவருக்குள் போனது. "ஜோடியா வாங்கியிருந்தா தங்கச்சி மூஞ்சியில முழிச்சிருக்க முடியாதுண்ணே" என்றார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று

திருவிழா மேடை ஒயரிங் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று பின் பிளக்கில் ஒரு பின் உடைந்திருக்கும். அநேகமாக அது எர்த்தாக இருக்கும். கிடாரின் தந்தி, ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்தது. எர்த் சரியில்லாமல் தந்தியில் ஒரு கை, மைக்கில் ஒரு கை வைத்தால் மின்சாரம் உடம்பு வழியாகக் குறுக்கு வழி பிடிக்கும். 1972-ல் 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிடாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி, பிரிட்டனில் ஸ்வான்ஸீ மேடையில் இப்படித்தான் இறந்தார். பிக்கப்புக்குப் பத்தாயிரம் செலவழிக்கிறவர் ஒரு டெஸ்டருக்கு யோசிக்கலாமா? எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்த பிறகு மேடை ஏறுங்கள்.

அப்புறம் தினசரிக் கடமை. வாசித்து முடித்ததும் காட்டன் துணியால் தந்தியையும் பிக்கப் மூடியையும் துடையுங்கள். கடல் பார்த்த ஜன்னலோரம் மாட்டி வைத்து அழகு பார்க்க வேண்டாம், பெட்டிக்குள் வையுங்கள். ஷூ டப்பாவில் வரும் குட்டிச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் போடுங்கள்.

மொத்தத்தில் கணக்கு இதுதான்: முதலில் தந்தி, அப்புறம் உயரம், அப்புறம் கண்ட்ரோல், அப்புறம் மீட்டர். நாலும் கைவிட்ட பிறகுதான் புதுப் பிக்கப். ஆபீஸில் எந்த மிஷின் மக்கர் செய்தாலும் இந்த வரிசை பொருந்தும். மேனேஜருக்கு மட்டும் பொருந்தாது. அவருக்கு உயரம் குறைக்கும் ஸ்க்ரூ வைக்கவில்லை!