வெற்றுப் பெட்டிக்குள் ஒரு பரீட்சை

ஒளியைக் கணக்கிடப் புதுவழி கண்டிருப்பதாகச் சொல்லி ஒரு கணினி வரைகலை ஆராய்ச்சியாளர் பல்கலைக்கழக அரங்கில் பேச வந்தால், அவர் காட்டும் படங்களில் பெரும்பாலும் ஒரு பெட்டி இருக்கும். முன்பக்கம் திறந்தது. ஒரு பக்கச் சுவர் சிவப்பு, எதிர்ச்சுவர் பச்சை, மற்றவை வெள்ளை. மேலே ஒரு விளக்கு, கீழே இரண்டு வெள்ளைக் கட்டைகள். வெளியாளுக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை. துறைக்காரர்கள் மட்டும், வெள்ளைப் பரப்பில் சிவப்பு லேசாகப் படிந்திருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பார்கள்.

இதற்குப் பெயர் கார்னெல் பெட்டி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோரல், டொரன்ஸ், கிரீன்பர்க், பட்டேல் ஆகிய நால்வரும் 1984 சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டில் இதன் முதல் வடிவத்தை முன்வைத்தார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பெல் ஆய்வகத்தின் டர்னர் விட்டட், ஒளிக்கதிர்களின் தடத்தைப் பின்தொடரும் 'ரே டிரேசிங்' முறையில் கண்ணாடியையும் பளபளக்கும் உருண்டைகளையும் அசத்தலாக வரைந்து காட்டியிருந்தார். ஆனால் விளக்கொளி நேராக விழாத மூலைகளுக்கு, ஒரே அளவான மங்கல் வெளிச்சத்தைப் பூசிச் சமாளித்தார்கள். நிஜ அறையில் அப்படி நடப்பதில்லை. சுண்ணாம்புச் சுவரில் பட்ட ஒளி எல்லாத் திசையிலும் சிதறி அடுத்த சுவரில் விழும். அங்கிருந்து மறுபடி சிதறும். போகிற போக்கில், சாயம் போகும் சேலை பக்கத்து வேட்டியில் ஏறுவதுபோல, சுவரின் நிறமும் கூடவே போகும்.

கார்னெல் நால்வரில் டொரன்ஸ் இயந்திரப் பொறியியல்காரர். சூடான பரப்புகளுக்கிடையே வெப்பக் கதிர்கள் போய்வருவதைக் கணக்கிடும் சூத்திரங்கள் அந்தத் துறையில் ஏற்கெனவே இருந்தன. அவற்றையே ஒளிக்குப் பொருத்தினார்கள். சுவர்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டிலிருந்து கிளம்பும் ஒளியில் எத்தனை பங்கு இன்னொன்றைச் சேரும் என்று கண்டு, எல்லாச் சமன்பாடுகளையும் ஒன்றாகத் தீர்ப்பதே 'ரேடியாசிட்டி'. துண்டுகள் 1,000 என்றால் சோடிகள் ஏறக்குறைய 10 லட்சம்.

முதல் பெட்டி காலியாக இருந்ததற்குக் காரணம் எளிமை மோகமல்ல. இடையில் ஒரு பொருள் ஒளியை மறித்தால் என்னாகும் என்பதற்கு அந்த முறையில் அப்போது வழியில்லை. மைக்கேல் கோஹனும் கிரீன்பர்க்கும் 1985இல் அதற்கு வழி கண்ட பிறகே கட்டைகள் உள்ளே வந்தன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். கார்னெல் குழு நிஜப் பெட்டியையே செய்து வைத்து, அதையும் கணினிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எது அசல் என்று ஆட்களைக் கேட்டது. 1986இல் வெளியான முடிவின்படி, அவர்களின் பதில் காசு சுண்டிப் பார்த்துச் சொன்னதைவிடத் தேறவில்லை. டிராகன், அரண்மனை என்று அலங்காரக் காட்சி காட்டினால் பிழை அதில் ஒளிந்துகொள்ளும். அளவெடுத்த வெள்ளைச் சுவரில் அதற்கு இடமில்லை.

ரேடியாசிட்டி இன்று ஏறக்குறைய ஓரங்கட்டப்பட்டுவிட்டது. அதே 1986இல் ஜேம்ஸ் கஜியா ஒளிக்கு எழுதிய பொதுச் சமன்பாட்டின் வழிவந்த முறைகளே இப்போது திரைப்படங்களில் ஓடுகின்றன. அவற்றைச் சோதிக்கவும் இதே பெட்டிதான். ஆனால் தோல், முடி, புகை எதுவும் இதற்குள் கிடையாது; அவற்றை வரைய வந்தவர் வேறு சோதனையோடுதான் வர வேண்டும்.